பதினேழு வருஷம் மூழ்கிக் கிடந்த அடுப்பு

என் அம்மா ஓர்லீன் ஒரு நாளைக்கு ஆறு தடவை ஓர் இரும்பு அடுப்பை ஆற்றில் மூழ்கடிப்பாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் எட்டு தடவை.

அவளுக்கு வேலையே அதுதான். அலாஸ்காவில் எங்கள் ஊர் நெடுஞ்சாலை ஓரம், ஆற்றங்கரையில், மரத்துண்டுகளை அடுக்கிக் கட்டிய ஒரு பழைய சத்திரம் இருக்கிறது. நாய்கள் இழுத்த சறுக்கு வண்டியில் வந்தவர்களுக்கு ஒரு காலத்தில் சாப்பாடும் படுக்கையும் கொடுத்த இடம். நடத்தியவள் ஆக்டா என்ற ஸ்வீடன்காரி. இப்போது அரசாங்கம் அந்த வீட்டைச் சிதையாமல் வைத்துப் பார்க்க விடுகிறது. குளிர்காலம் முழுக்கப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டும் என் அம்மா, கோடை வந்தால் நீளப் பாவாடையும் வெள்ளை மேலங்கியும் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். கேரவன்களில் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குகிறவர்களைச் சமையலறைக்குக் கூட்டிப்போய், காலியாக இருக்கும் ஒரு மூலையைக் காட்டுவாள்.

“இங்கதான் இருந்துச்சு. ஆறு கண்ணு வெச்ச அடுப்பு. சியாட்டில்லேர்ந்து கப்பல்ல வந்தது. கதவுல ஒரு பள்ளம், மூஸ் மான் உள்ள பூந்து உதைச்சது. பின்னங்கால் ஒண்ணு ஒடஞ்சு போச்சு. ஆக்டா என்ன பண்ணா? துப்பாக்கிக் குழலை அறுத்துக் காலா வெச்சா!”

இங்கே சிரிப்பு வரும். அம்மா அது அடங்கும்வரை நிற்பாள். பிறகு குரல் இறங்கும்.

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணு. ஜூன் மாசம். எதிர்க்கரையில ரோடு போடுறவங்களுக்குச் சமைச்சுப் போடணும்னு ஆக்டா அடுப்பைப் படகுல ஏத்துறா. ஆறு பொங்கிட்டு ஓடுது. நடு ஆறு. படகை இழுத்த கம்பி அறுந்துச்சு. டப்!”

கையைத் தட்டுவாள். மூன்று நொடி மௌனம். கைக்குட்டை. முன்வரிசைப் பாட்டிகளில் யாராவது ஒருத்தி அழாமல் போனதே இல்லை.

நானும் அங்கேதான் நுழைவுச்சீட்டு கிழிக்கிறேன். இந்தப் பேச்சு எனக்கு மூச்சு உட்பட மனப்பாடம். வீட்டில் நான் அம்மா குரலில் “டப்!” என்றால், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அப்பா, “ஓர்லீன், காபி போடறியா?” என்பார்.

கதை எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் அம்மா சுவரைக் காட்டுவாள். ஆக்டா வயதான காலத்தில் ஒரு பத்திரிகைக்காரனிடம் தன் வாயாலேயே சொன்னது, கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இந்த வருஷம் அம்மாவுக்கு யோகம் அடித்தது. ஆற்றங்கரையில் ஒரு வெண்கலப் பலகை வைக்கப்போவதாகப் பூங்கா அலுவலகம் சொல்லிவிட்டது. ‘ஆக்டாவின் அடுப்பு இந்த ஆற்றில் மூழ்கியது’ என்று தொடங்கி முழுக் கதையும். அடியில், ‘கதையைக் காத்துச் சொன்னவர்: ஓர்லீன் ஹோகன்சன்’. சனிக்கிழமை திறப்பு. அம்மா நீலக் கோட்டு வாங்கினாள். பலகைக்குப் பக்கத்தில் எப்படி நிற்பது என்று குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பழகினாள்.

“இடது பக்கம் நிக்கட்டுமா, வலது பக்கமாடி டெசா?”

“மேல ஏறி நில்லும்மா, செலைன்னு நெனைச்சுக்குவாங்க.”

அந்த சந்தோஷத்தில்தான் அவள் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கோடையில் மூன்று நாள் விடுப்பு எடுத்தாள். புதன்கிழமை கிளம்பி வால்டீஸ் போய்க் கடலைப் பார்த்து, மீன் சாப்பிட்டு, வெள்ளிக்கிழமை ராத்திரி திரும்புவதாகத் திட்டம். அப்பா ஒரு கேரவன் வாங்கியிருந்தார். அதில் ஓரிகனிலிருந்து வந்து சேர்ந்த ஒரு வயதான தம்பதி, இனி இதில் ஏற மாட்டோம் என்று அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு விமானத்தில் ஊர் திரும்பினார்கள். அப்போதே அப்பா யோசித்திருக்க வேண்டும்.

பதினேழு வருஷம் கேரவன்காரர்களுக்குக் கதை சொன்னவள், ஓடுகிற கேரவனுக்குள் உட்காருவது அன்றுதான் முதல் தடவை. குதித்தாள். அலமாரியைத் திறந்து மூடினாள். “வெண்டல், இங்க பாருய்யா, உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டே அறுபது மைல் வேகத்துல போறேன்!” என்று அப்பாவைப் பார்த்துக் கத்தினாள். எதிரே வந்த ஒவ்வொரு கேரவனுக்கும் கையாட்டினாள்.

இந்த ஆனந்தம் இருபத்திரண்டு மைல் நீடித்தது. முன்பக்கத்திலிருந்து புஸ்ஸென்று வெள்ளைப் புகை.

“ரேடியேட்டர் ஹோஸ் போச்சு,” என்றார் அப்பா. முப்பது வருஷம் பனி தள்ளும் லாரி ஓட்டியவர், சத்தத்திலேயே கண்டுபிடிப்பார். வண்டியை வலப்பக்கம் ஒதுக்கினார்.

அம்மா ஜன்னல் வழியே பார்த்தாள். முகம் வெளுத்தது.

“இங்க வேணாம்யா. எங்கயாவது நிறுத்து, இங்க மட்டும் வேணாம். இன்னும் ஒரு மைல் தள்ளி நிறுத்து.”

“வண்டி கொதிக்குதும்மா.”

“கொதிக்கட்டும்!”

வெளியே பலகை: ஹேகன் சத்திரம்.

இதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஹேகன் நார்வேக்காரன். ஆக்டா காலத்தில் அவனுடையதுதான் அடுத்த சத்திரம். வழியில் ஒரு பலகை அடித்தான்: ‘இங்கே காபி இன்று போட்டது.’ ஆக்டா விடுவாளா? அதற்கு நாலு மரம் தள்ளி இன்னொன்று அடித்தாள்: ‘ஹேகன் காபியை இரண்டாம் தரம் கொதிக்க வைப்பான்.’ அன்றிலிருந்து பேச்சு இல்லை. இரண்டு பேரும் செத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஹேகன் சத்திரத்தையும் அரசாங்கம்தான் பார்த்துக்கொள்கிறது. ஆனாலும் ஆக்டா சத்திரத்து ஆட்கள் ஹேகன் வாசலில் கால் வைப்பதில்லை. மூத்திரம் முட்டினாலும் அடக்கிக்கொண்டு தாண்டிப் போவோம். அப்பா லாரி ஓட்டிய காலத்தில் அந்த வாசலில் மட்டும் பனி கொஞ்சம் அதிகமாகவே குவியும். அவர் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை.

“நான் வண்டிக்குள்ளயே உக்காந்திருக்கேன்,” என்றாள் அம்மா.

அப்பா கதவைத் திறந்து இறங்கிய இரண்டு நொடியில் அலாஸ்காவின் ஜூன் மாதக் கொசு மொத்தமும் உள்ளே வந்துவிட்டது. அம்மா காதிலும் கழுத்திலும் அறைந்துகொண்டாள். பின்பு பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடியவள், ஹேகன் சத்திரத்துக்குள் போய்த்தான் நின்றாள். நான் பின்னாலேயே ஓடினேன். இதைத் தவறவிட நான் என்ன பைத்தியமா?

உள்ளே ஒரு சுற்றுலாப் பேருந்துக் கூட்டம், பன்னிரண்டு பேர். அவர்களுக்கு முன்னால் ஒல்லியாக, நெட்டையாக ஒரு மனிதர். ஹார்லன் என்று சட்டையில் பெயர். ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல் பேசினார்.

“வாங்க… வாங்க. எந்த… ஊரு?”

“நெப்ராஸ்கா,” என்றாள் அம்மா பட்டென்று.

ஹார்லன் ஜன்னல் வழியே எங்கள் வண்டியைப் பார்த்தார். அதில் அலாஸ்கா எண் பலகை, பின்கண்ணாடியில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட ஹாக்கி அணியின் பெயர். கூட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மா என் காதைக் கடித்தாள். “செவரைப் பாரு, தூசி. ஒரு பேச்சாளனுக்குக் கை எங்க வெக்கணும்னுகூடத் தெரியல.”

“நெப்ராஸ்காவுல இப்படித்தான் பேசுவாங்களாம்மா?”

கூட்டம் சமையலறைக்கு நகர்ந்தது. ஹார்லன் கதவோரம் நின்றார்.

“முப்பத்தொண்ணு… ஜனவரி. இந்தச் சத்திரம் எரிஞ்சு போச்சு. நின்னது ரெண்டு செவரு. மைனஸ் நாப்பது குளிர். இந்தப் பக்கம் அடுத்த சத்திரத்துக்கு ஒரு நாள் வழி, அந்தப் பக்கம் ஒரு நாள் வழி. நடுவுல இது இல்லேன்னா வர்றவன் வெறச்சுச் சாவான். ஹேகன் ரெண்டு செவருக்கும் மேல கித்தான் கட்டி, வெறும் நெருப்புல சட்டி வெச்சு ஓட்டினாரு. மார்ச்சுல ஒரு நாள்… ஒரு அடுப்பு வந்துச்சு. யார் அனுப்புனாங்கன்னு… இன்னிக்கு வரைக்கும் தெரியாது.”

நகர்ந்துகொண்டார். மூலையில் அது நின்றது. கறுப்பாக, மாடு மாதிரி அகலமாக. நான் என்னை அறியாமல் எண்ணினேன். ஆறு கண்.

அம்மாவின் பார்வை அடுப்பின் கதவில் இருந்தது. கதவின் நடுவே, கையகலத்துக்கு, ஒரு பள்ளம்.

“அது… அந்தப் பள்ளம்?” அது அம்மா குரலே இல்லை.

“வரும்போதே இருந்துச்சாம். என்னன்னு தெரியல.”

அம்மா கயிற்றைத் தாண்டினாள். கயிற்றைத் தாண்டும் பார்வையாளர்களைப் பதினேழு வருஷமாக அதட்டியவள், சர்வ சாதாரணமாகத் தாண்டி, குப்புறப் படுத்து, அடுப்புக்கு அடியில் தலையை நுழைத்தாள்.

“அய்யய்யோ, மயக்கம் போல,” என்றார் பேருந்தில் வந்த ஒருவர்.

“துப்பாக்கி!” அடியிலிருந்து அம்மா அலறினாள். “டெசா! துப்பாக்கிடி!”

பன்னிரண்டு பேரும் வாசலுக்கு ஓடினார்கள். ஒருவர் மனைவியை விட்டுவிட்டே ஓடினார்.

“காலு! காலைச் சொல்றேன்! பின்னங்கால் துப்பாக்கிக் குழல்!”

ஹார்லன் குனிந்து பார்த்தார். முதல் தடவையாக வேகமாகப் பேசினார். “அது எனக்கும் இந்த வீட்டைத் தொடைக்கிற பொம்பளைக்கும் மட்டுந்தானே தெரியும்? நீங்க யாரும்மா?”

“நெப்ரா…”

“ஆக்டா சத்திரம்,” என்றேன் நான். “பொய் பேசி அவங்களுக்குப் பழக்கம் இல்ல.”

அம்மா தலைமுடியில் நூறு வருஷத்துத் தூசியோடு எழுந்து உட்கார்ந்தாள். விரலை நீட்டினாள். “எங்க அடுப்பு! ஆத்துல முழுகுனதை நைசாத் தூக்கிட்டு வந்துட்டீங்க! நார்வேக்காரப் பயலுங்க!”

“நான் நார்வேக்காரன் இல்ல, எங்க ஆளுங்க ஆதியிலேர்ந்து இந்த ஆத்தங்கரையிலயே பொறந்தவங்க,” என்றார் ஹார்லன் பொறுமையாக. “ஆத்துல எப்ப முழுகுச்சு?”

“ஜூன்ல. படகுல கொண்டு போறப்ப.”

“ஜூன்லயா?” அவர் அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். “ஏம்மா, நீ நெஜமாவே நெப்ராஸ்காதானா? அறுநூறு பவுண்டு இரும்பை ஜூன்ல படகுல யாரு ஏத்துவா? மார்ச்சுல ஐஸ் மேல இழுத்துட்டுப் போக மாட்டாளா?”

நான் அம்மாவைப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் இது குழந்தைக்கும் தெரியும். கனமான எதுவும் மார்ச்சுக்குக் காத்திருக்கும். ஆறு நாலடி கனத்துக்கு உறைந்திருக்கும், பகலும் நீண்டிருக்கும், சறுக்கு வண்டியில் வீட்டையே இழுக்கலாம். எங்கள் பியானோ மார்ச்சில்தான் வந்தது. எதிர்க்கரையில் இருக்கும் தன் அக்காள் கொடுத்த உறைபெட்டிக்காக இதே ஓர்லீன் எட்டு மாதம் காத்திருந்தாள், “படகுல எவளாவது ஏத்துவாளா?” என்று சொல்லிக்கொண்டு. அதே வாயால் ஒரு நாளைக்கு ஆறு தடவை ‘ஜூன்’ என்றிருக்கிறாள். நாங்களும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஹார்லன் சுவரில் மாட்டியிருந்த ஒரு தாளைக் காட்டினார். ஹேகனின் நாட்குறிப்பிலிருந்து எடுத்து எழுதியது. அம்மா சத்தமாகப் படித்தாள்.

‘மார்ச் 9. ஆற்று ஐஸ் வழியாக ஓர் அடுப்பு வந்தது. நான் கேட்கவில்லை. வண்டிக்காரன் அனுப்பியவர் பெயரைச் சொல்ல மறுக்கிறான். வெளியே சொன்னால் திரும்ப எடுத்துக்கொள்வார்களாம். இதில் காபியை இரண்டாம் தரம் கொதிக்க வைக்கக் கூடாது என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.’

“இந்தக் காபி வெஷயம் எனக்கு வெளங்கவே இல்ல,” என்றார் ஹார்லன். “இருபது வருஷமா வர்றவங்களைக் கேட்டுப் பாத்துட்டேன்.”

அம்மா சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு. அடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அவதான்! அவளேதான்! கொடுக்கும்போதுகூடக் குத்திக் காட்டிருக்கா பாரு!” எழுந்து அந்தச் சின்னச் சமையலறையில் அங்குமிங்கும் நடந்தாள். “ஜூன்ல படகு கவுந்தது நெஜம். அந்தக் காலத்துப் பேப்பர்லயே இருக்கு. அதுல உருளைக்கிழங்கு மூட்டை போச்சுன்னு போட்டிருப்பான், நான் கண்டுக்கலை. மூணு மாசமா வர்றவனெல்லாம் அடுப்பு எங்கே அடுப்பு எங்கேன்னு கேட்டிருப்பான். படகு கவுந்ததும் கதையில அடுப்பையும் அதுல ஏத்தி விட்டுட்டா! எதிரிக்குக் கொடுத்தேன்னு சொல்றதுக்கு ஆத்துல போட்டேன்னு சொல்லிட்டா. சாகற வரைக்கும் அதையே சொல்லிருக்கா!”

துப்பாக்கி இல்லை என்று தெரிந்து திரும்பி வந்த பேருந்துக்காரர்கள் கைதட்டினார்கள். அப்போது அப்பா, கை முழுக்கக் கரியோடு வாசலில் நின்றார்.

“டேப் சுத்தியாச்சு. கெளம்பலாமா?”

நான்தான் விஷயத்தைச் சொன்னேன், அம்மா குரலில், ‘டப்’ இல்லாமல். அப்பா அடுப்பைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

“பலகை?” என்றார்.

அம்மாவின் நடை நின்றது. அதுவரை அவளுக்கு அது தோன்றவே இல்லை என்று நினைக்கிறேன். சனிக்கிழமை. வெண்கலம். ஆற்றில் மூழ்கியது. அடியில் அவள் பெயர்.

“பாரும்மா,” என்று அப்பா குரலைத் தாழ்த்தினார். “ஆக்டாவே மறைச்சது இது. யாருக்கும் தெரியக்கூடாதுன்னு நெனைச்சா. நீயும் பேசாம இரு. சனிக்கிழமை கோட்டைப் போட்டுக்க, போட்டோ எடுத்துக்க. பதினேழு வருஷம் ஒழச்சிருக்கே.”

“நான் வாய் தெறக்க மாட்டேன்,” என்றார் ஹார்லன். “தொண்ணூறு வருஷம் தெரியாம இருந்தது, இன்னும் கொஞ்ச நாள் இருந்தா என்ன?”

எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம். அவள் அடுப்பின் பள்ளத்தில் உள்ளங்கையை வைத்தாள். அளந்து செய்ததுபோல் கை உள்ளே உட்கார்ந்தது. பதினேழு வருஷமாகக் காற்றில் இரண்டு கையாலும் வரைந்து காட்டிய பள்ளம்.

நான் கேலி செய்ய வாயெடுத்தேன். வரவில்லை.

“ஆக்டா மறைச்சா, அது அவ இஷ்டம்,” என்றாள் அம்மா மெதுவாக. “கொடுத்தவ அவ. தெரிஞ்சுக்கிட்டு நான் அந்தப் பலகைக்குப் பக்கத்துல நின்னா, அது என் பொய்யில்ல?” பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். “போனைக் குடுடி.”

“இங்க சிக்னல் கெடையாது,” என்றார் ஹார்லன். “ஒசரமா ஏறினா ஒரு கோடு வரும்.”

அம்மா வெளியே ஓடி, கேரவனின் பின்னாலிருந்த இரும்பு ஏணியில் ஏறினாள். ஐம்பத்தெட்டு வயது, நீளப் பாவாடை. அப்பா கீழிருந்து, “அந்தக் கூரை தாங்காது ஓர்லீன்! ஓரமா நில்லு! ஓரமா வேணாம், நடுவுல நில்லு!” என்று கத்தினார். பேருந்துக்காரர்கள் தலைக்கு மேல் கொசு மருந்தை அடித்துக்கொண்டு வட்டமாக நின்று பார்த்தார்கள்.

பூங்கா அலுவலகத்தில் லெனோர் என்ற பெண் எடுத்தாள். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கூவினாள்.

“லெனோர்! பலகையை நிறுத்தும்மா! அடுப்பு கெடச்சிருச்சு!”

“ஆத்துலேர்ந்தா?” லெனோருக்குக் கிளிக் குரல்.

“ஹேகன்லேர்ந்து!”

“நீங்க ஹேகன்லயா இருக்கீங்க?” அதுதான் அவளுக்குப் பெரிய அதிர்ச்சி.

“அடுப்பு முழுகவே இல்லம்மா. நான் சொன்னது தப்பு. மொத்தமும் தப்பு. ஆக்டா அதை மார்ச்சுலயே ஹேகனுக்குக் கொடுத்துட்டா.”

“ஆனா ஓர்லீன், பலகை வார்த்தாச்சு. நாளைக்கு வந்து எறங்குது. கீழ உங்க பேரு இருக்கு. இதுக்கப்புறம் வேற பலகைக்கு எப்ப அனுமதி கெடைக்கும்னு என்னால சொல்ல முடியாது. கெடைக்காமலே போகலாம்.”

அம்மா ஒரு நொடி கண்ணை மூடினாள்.

“தெரியும்மா. பலகையை ஏத்திட்டு வர்றவங்ககிட்ட எறக்க வேணாம்னு சொல்லிடு. கரையில ஒரு ஆணிகூட அடிக்க வேணாம்.”

லெனோர் மிகவும் சின்னக் குரலில் கேட்டாள்: “அப்ப… நம்ம ஆத்துல என்னதான் இருக்கு?”

“தண்ணி இருக்கும்மா. உருளைக்கிழங்கு இருந்தா அழுகியிருக்கும்.”

போனை மடக்கிப் பாவாடைப் பையில் போட்டாள். இறங்கப்போகிறாள் என்று அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டார். அவள் இறங்கவில்லை. கீழே அண்ணாந்து நின்ற பன்னிரண்டு முகங்களைப் பார்த்தாள், கதவோரம் நின்ற ஹார்லனைப் பார்த்தாள். கைகளைத் துடைத்துக்கொண்டாள்.

“மார்ச் மாசம்,” என்றாள். “ஆறு ஒறஞ்சு கெடக்குது. ஒரு எடத்துல ரெண்டு செவரும் ஒரு கித்தானும் மட்டும் நிக்குது…”

தடுமாறினாள். எங்கே மூச்சு விடுவது என்று அவளுக்கே இன்னும் தெரியவில்லை. கேரவன் கூரை கிறீச்சிட்டது. ஒருவரும் நகரவில்லை.

“இருங்க, இருங்க,” என்றாள். “மொதல்லேர்ந்து சொல்றேன்.”